கல்லூரி அணியில் மூத்த வீரர்: வயது எடுத்துக்கொள்வதும் விட்டுவைப்பதும்

கல்லூரி விளையாட்டு அணி என்பது பெரும்பாலும் 18 முதல் 22 வயது வரையிலான இளைஞர்களை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்ட ஏற்பாடு. பள்ளி முடிந்ததும் கல்லூரி, கல்லூரி முடிந்ததும் வேலை என்ற வரிசையில் வாழ்க்கை நகரும் என்ற எதிர்பார்ப்பின் மீதே அதன் பயிற்சி அட்டவணையும் போட்டி விதிகளும் கட்டப்பட்டுள்ளன. ஆனால் ராணுவப் பணி, குடும்பப் பொறுப்பு, பணநெருக்கடி, வேறொரு விளையாட்டில் கழிந்த ஆண்டுகள் போன்ற காரணங்களால் 25, 30, சில வேளைகளில் 50 வயதைக் கடந்த பின் கல்லூரிக்கு வந்து, பாடத்தோடு விளையாட்டையும் தொடர விரும்புவோர் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களால் இளையவர்களோடு ஒரே களத்தில் நிற்க முடியுமா என்பது மன உறுதி சார்ந்த கேள்வியாகவே பொதுவாகப் பேசப்படுகிறது. இதயம், தசை, நரம்பு, தசைநாண் ஆகியவை வயதோடு எவ்வாறு மாறுகின்றன என்பதைக் கடந்த அறுபது ஆண்டுகளில் உடலியங்கியல் அளந்து காட்டியிருப்பதால், அக்கேள்விக்கு இன்று ஓரளவு துல்லியமான விடை கூற இயலும்.

அமெரிக்கக் கல்லூரிகள் தரும் சான்றுகள்

இதற்கான சான்றுகள் மிகுதியாகக் கிடைக்கும் நாடு அமெரிக்கா. ஒருவர் எத்தனை ஆண்டுகள் கல்லூரி அணியில் ஆடலாம் என்பதைப் பிறந்த தேதியைக் கொண்டன்றி, கல்லூரியில் சேர்ந்த காலத்தைக் கொண்டு கணக்கிடும் முறை அங்கே நெடுங்காலமாக இருந்துவருவதே இதற்குக் காரணம். என்சிஏஏ எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாகப் பகுத்துள்ளது. முதல் பிரிவில், முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடி முடிக்க வேண்டும் என்பது நீண்டகால நடைமுறை. ராணுவப் பணிக்கும் மதத்தொண்டுக்கும் செலவிட்ட காலம் அந்தக் கணக்கில் சேராது. விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்காத மூன்றாம் பிரிவிலோ, மாணவர் உண்மையில் கல்லூரியில் பயின்ற பத்து அரையாண்டுகள் மட்டுமே எண்ணப்படுகின்றன. இடையில் பல பத்தாண்டுகள் கழிந்தாலும் மீதமுள்ள தகுதி காலாவதியாவதில்லை.

இந்த விதிகளின் இடைவெளியில் வந்தவர்களுள் இருவர் நாட்டின் முன்னணி வீரர்களாகவே உயர்ந்தனர். ஆறு ஆண்டுகள் பேஸ்பால் ஆடிவிட்டு ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய கிறிஸ் வைன்கி, அமெரிக்கக் கால்பந்தின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 2000-ஆம் ஆண்டில் 28 வயதில் வென்றார். அவரைவிட மூத்தவர் எவரும் அதைப் பெற்றதில்லை. அவரைப் போலவே பேஸ்பாலிலிருந்து வந்த பிராண்டன் வீடன், ஓக்லஹோமா ஸ்டேட் அணியை வழிநடத்திய பின், 2012-இல் 28 வயதில் தொழில்முறை அணித் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார். இருவரும் ஆடியது குவார்ட்டர்பேக் என்ற இடத்தில். எதிரணியின் நகர்வைப் படித்து, சில நொடிகளுக்குள் பந்தை யாருக்கு எறிவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு அது.

ஐம்பதைக் கடந்தோரின் கதை வேறு வகையானது. டெக்சஸ் மாநிலத்தின் சல் ராஸ் ஸ்டேட் கல்லூரியில் 1971-இல் அணியை விட்டு விலக்கப்பட்ட மைக் ஃபிளின்ட், அக்கல்லூரி மூன்றாம் பிரிவில் இருந்த 2007-இல் 59 வயதில் அதே அணிக்குத் திரும்பி, உடல்மோதல் மிகுந்த லைன்பேக்கர் இடத்தில் ஆடினார். டென்னசியின் ரோன் ஸ்டேட் சமுதாயக் கல்லூரிக்காக 2008-இல் கூடைப்பந்து ஆடிய கென் மிங்க்குக்கு அப்போது வயது 73. தண்ட எறிதலில் அவர் இரண்டு புள்ளிகள் எடுத்தார். அலபாமாவின் ஃபாக்னர் பல்கலைக்கழக அணியில் 2011-இல் 61 வயது ஆலன் மூர் பந்தை உதைத்து ஒரு புள்ளி சேர்த்தார். இருபதுகளின் இறுதியில் ஆடியவர்கள் அணியின் மையமாக இருந்தனர். அறுபதை ஒட்டியவர்களுக்கும் கடந்தவர்களுக்குமோ சில நிமிட ஆட்டமும், எறிதல், உதைத்தல் போன்ற தனித்த செயல்களுமே பெரும்பாலும் வாய்த்தன. இந்த வேறுபாட்டின் காரணத்தை உடலின் ஒவ்வோர் அமைப்பாகப் பார்க்கும்போது புரிந்துகொள்ளலாம்.

இதயமும் ஆக்சிஜனும்

கடும் உழைப்பின்போது உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு 'அதிகபட்ச ஆக்சிஜன் நுகர்வு' எனப்படுகிறது. நீண்ட நேரம் ஓடியாடும் திறனுக்கு இதுவே அடிப்படை அளவுகோல். உடற்பயிற்சி இல்லாதவர்களிடம் இது முப்பது வயதையொட்டிய காலத்திலிருந்து பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. கடும் பயிற்சியை விடாமல் தொடர்பவர்களிடம் அந்தச் சரிவு ஏறத்தாழ பாதியாகவே இருக்கிறது. இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பு வயதோடு இறங்குவது இச்சரிவுக்கு ஒரு முக்கியக் காரணம். 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும் என்பது 2001-இல் வெளிவந்த ஒரு விரிவான ஆய்வின் முடிவு. அதன்படி 20 வயதில் நிமிடத்துக்கு 194 ஆக இருக்கும் உச்சம் 40-இல் 180 ஆகவும் 60-இல் 166 ஆகவும் குறையும். இந்த இறக்கத்தைப் பயிற்சியால் தடுக்க முடிவதில்லை.

எனினும், வயதால் விளையும் இழப்பையும் சோம்பலால் விளையும் இழப்பையும் பிரித்துக் காட்டிய ஓர் ஆய்வு இத்துறையில் தனியிடம் பெற்றுள்ளது. டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் 1966-இல், உடல்நலமுள்ள 20 வயது இளைஞர் ஐவர் மூன்று வாரங்கள் முழுமையாகப் படுக்கையில் கிடத்தப்பட்டனர். எழுந்தபோது அவர்களின் அதிகபட்ச ஆக்சிஜன் நுகர்வு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்திருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1996-இல், அதே ஐவரையும் ஆய்வாளர்கள் மீண்டும் அழைத்துப் பரிசோதித்தனர். ஐம்பது வயதை எட்டி, உடல் எடையும் கொழுப்பும் கூடியிருந்த அவர்களின் ஆக்சிஜன் நுகர்வு, இளமையில் படுக்கைக்குப் போகுமுன் இருந்த அளவைவிட ஏறத்தாழ 12 சதவீதமே குறைந்திருந்தது. 20 வயதில் மூன்று வாரம் அசையாமல் கிடந்தது விளைவித்த கேடு, முப்பது ஆண்டு முதுமை விளைவித்த கேட்டைவிடப் பெரிது என்பதே இதன் பொருள்.

ஆய்வு அத்தோடு நிற்கவில்லை. நடை, மெதுவோட்டம், நிலைமிதிவண்டி ஆகியவற்றைக் கொண்ட ஆறு மாதப் பயிற்சி அவர்களுக்கு அளிக்கப்பட்டபோது, ஐவரின் சராசரி 1966-இல் படுக்கைக்கு முன் இருந்த அளவுக்கே திரும்பியது. இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் உச்ச அளவு கூடவில்லை. வந்த ரத்தத்திலிருந்து தசைகள் முன்னிலும் அதிகமான ஆக்சிஜனை எடுத்துக்கொண்டதாலேயே இந்த மீட்சி நிகழ்ந்தது. ஆய்வுக்கு ஆட்பட்டவர்கள் ஐவரே என்பதும், மீண்டது இளமையில் படுக்கைக்கு முன் இருந்த நிலையே அன்றி இளமையில் பயிற்சியால் எட்டிய உச்சம் அன்று என்பதும் நினைவில் கொள்ளத்தக்கவை. ஆயினும் பத்தாண்டு இடைவெளிக்குப் பின் களத்துக்கு வரும் 30 வயது மாணவர் ஒருவர் மூச்சிரைக்கும்போது, அதற்குப் பெரும்பங்கு காரணம் அவருடைய வயதன்று, அந்த இடைவெளியே என்று கூற இந்த ஆய்வு வலுவான ஆதாரம் தருகிறது. ஃபிளின்ட் இடைப்பட்ட ஆண்டுகளில் பல பல்கலைக்கழகங்களில் வலிமைப் பயிற்சியாளராகப் பணியாற்றியவர் என்பதையும் இங்கே சேர்த்து நோக்க வேண்டும். அவருக்கு ஆட்டத்தில் இடைவெளி இருந்ததே அன்றி உடற்பயிற்சியில் இல்லை.

வலிமையும் திறனும்

தசையைப் பொறுத்தவரை வலிமை, திறன் என்ற இரண்டையும் பிரித்தறிவது அவசியம். எவ்வளவு பளுவை அசைக்க முடியும் என்பது வலிமை. அதை எவ்வளவு விரைவாக அசைக்க முடியும் என்பது திறன். குதித்தல், திடீரென விரைந்தோடுதல், திசைமாற்றிப் பாய்தல் எல்லாம் திறனைச் சார்ந்தவை. தசைகளில் மெதுவாகச் சுருங்கி நீண்ட நேரம் களைப்பின்றி உழைக்கும் இழைகளும், விரைவாகச் சுருங்கி விரைவிலேயே களைக்கும் இழைகளும் கலந்திருக்கின்றன. முதுமையில் பெரிதும் சுருங்குபவை இரண்டாம் வகையான விரைவிழைகள். அத்தோடு, தண்டுவடத்திலிருந்து தசைக்கு ஆணை கொண்டுசெல்லும் இயக்க நரம்பணுக்களும் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகின்றன. துணையிழந்த விரைவிழைகளில் சிலவற்றை அருகிலுள்ள வேறு நரம்பணுக்கள் தம்மோடு இணைத்துக்கொண்டு, மெதுவிழைகளின் இயல்புக்கு மாற்றிவிடுகின்றன. ஆதலால் வலிமையைவிடத் திறன் முன்னதாகவும் விரைவாகவும் சரிகிறது.

உலகச் சாதனைகளிலும் இதே ஒழுங்கு தெரிகிறது. உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடிகளில் ஓடிய 2009-இல் அவருக்கு வயது 22. எலியுட் கிப்சோகே பெர்லின் மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 நொடிகளில் முடித்து அன்றைய உலகச் சாதனையைப் படைத்த 2022-இல் அவருக்கு வயது 37. கனடாவின் எட் விட்லாக் 2004-இல் 73 வயதில் மாரத்தான் தூரத்தை மூன்று மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். ஆகவே கல்லூரிக்கு வரும் மூத்த மாணவருக்கு நெடுந்தூர ஓட்டத்திலும் நீச்சலிலும் உள்ள வாய்ப்பு, குறுந்தூர ஓட்டத்திலும் தாண்டுதலிலும் இருப்பதில்லை.

வலிமையோ, பயிற்சி தொடங்கினால் எந்த வயதிலும் கூடக்கூடியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, சராசரி 90 வயதுடைய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடும் பளுப் பயிற்சி அளித்த ஆய்வு 1990-இல் வெளியானது. பயிற்சியை முடித்தவர்களின் கால்வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. தொண்ணூறில் இது இயலுமெனில், முப்பதிலோ நாற்பதிலோ வலிமையை மீட்பதற்கு வயதைத் தடையாகக் கூறுவது அறிவியலுக்குப் பொருந்தாது.

மீளும் வேகம்: வயதின் உண்மையான விலை

வயது உண்மையில் எடுத்துக்கொள்வது வேறொன்றை. உழைப்புக்குப் பின் உடல் தன்னைச் சீர்செய்துகொள்ளும் வேகமே அது. கடும் பயிற்சியில் தசையிழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுவது இயல்பு. இழைகளை ஒட்டி உறங்குநிலையில் இருக்கும் துணைச்செல்கள் விழித்தெழுந்து பெருகி அவற்றைச் செப்பனிடுகின்றன. இத்துணைச்செல்கள் முதுமையில், குறிப்பாக விரைவிழைகளைச் சுற்றி, எண்ணிக்கையில் குறைகின்றன. புரதத்தைத் தசையாக மாற்றும் தூண்டலும் மழுங்குகிறது: ஒரு வேளை உணவில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் இளைஞருக்கு ஏறத்தாழ 0.24 கிராம் புரதம் போதுமானதாக இருக்க, எழுபது வயதினருக்கு 0.40 கிராம் தேவைப்படுகிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு இது முறையே 17 கிராமும் 28 கிராமும் ஆகும். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராமே.

தூக்கத்தில் நேரும் மாற்றம் இன்னும் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 149 ஆண்களின் தூக்கத்தை அளந்து 2000-இல் வெளியிட்ட முடிவின்படி, 16 முதல் 25 வயது வரையிலானோரின் தூக்கத்தில் 18.9 சதவீதமாக இருந்த ஆழ்நிலை, 36 முதல் 50 வயதினரிடம் 3.4 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. திசுக்களைச் சீராக்குவதில் பங்குபெறும் வளர்ச்சி ஹார்மோனின் சுரப்பும் அதனோடு இணைந்தே வீழ்ந்திருந்தது. இரவெல்லாம் விழித்திருந்து மறுநாள் காலைப் பயிற்சிக்கு வந்து நிற்கும் விடுதி மாணவரின் வழக்கம், நாற்பது வயது மாணவருக்கு ஒத்துவராமல் போவதற்கு இதில் விளக்கம் உண்டு.

தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணின் நிலை இதனினும் கடினமானது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் திடீரென உயர்ந்து, பிறகு படிப்படியாகத் தணிந்தது. ஒரு திசு எந்த ஆண்டுகளில் உருவானதோ அந்த ஆண்டுகளின் கார்பன் அளவே அதில் பதிந்திருக்கும். டென்மார்க் ஆய்வாளர்கள் இந்தத் தடயத்தைக் கொண்டு குதிகால் தசைநாணை ஆராய்ந்து 2013-இல் கண்டறிந்த உண்மை வியப்புக்குரியது: அதன் உட்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது; அதன் பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை எனலாம். தசை சில மாதங்களில் பழைய வலிமைக்கு வந்துவிட, அந்த வலிமையைத் தாங்க வேண்டிய தசைநாண் மெதுவாகவே பழகுகிறது. நீண்ட இடைவெளிக்குப் பின் களமிறங்குவோர், உடல் தேறிவிட்டதாக நம்பத் தொடங்கும் கட்டத்தில்தான் குதிகாலிலும் முழங்காலிலும் காயமடையும் ஆபத்து மிகுதி. தொடைப் பின்தசை கிழிவதற்கும் கூடிய வயதும் முந்தைய காயமும் உறுதிப்பட்ட ஆபத்துக் காரணிகள்.

கண்டு முடிவெடுக்கும் ஆற்றல்

நரம்பின் வேகமும் சரிவிலிருந்து தப்புவதில்லை. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகம் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, 'ஸ்டார்கிராஃப்ட் 2' என்ற கணினி விளையாட்டை ஆடும் 16 முதல் 44 வயது வரையிலான 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை அலசி, திரையில் கண்டதற்கும் கை இயங்குவதற்கும் இடைப்பட்ட நேரம் 24 வயதிலிருந்தே நீளத் தொடங்குகிறது என்று காட்டியது. ஆனால் மூத்த ஆட்டக்காரர்கள் தம் கவனத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் எளிய உத்திகளால் அந்த இழப்பை ஈடுசெய்ததும் அதே பதிவுகளில் தெரிந்தது.

களத்திலும் நிகழ்வது இதுவே. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் கிரிக்கெட் பந்து மட்டையாளரை அடைய ஏறத்தாழ அரை நொடியே ஆகிறது. பந்து கையை விட்டபின் அனைத்தையும் கணிக்க அந்த நேரம் போதாது என்பதால், தேர்ந்த மட்டையாளர் பந்துவீச்சாளரின் ஓட்டம், தோள், மணிக்கட்டு ஆகியவற்றிலிருந்தே பந்தின் போக்கை முன்னுணர்கிறார். விளையாட்டு உளவியலார் 'எதிர்நோக்கல்' என்று வழங்கும் இந்த ஆற்றல் அனுபவத்தால் வளர்வது. தசைத் திறன் இறங்கத் தொடங்கிய பின்னும் பல ஆண்டுகள் நிலைத்திருப்பது. 28 வயதில் வைன்கியும் வீடனும் குவார்ட்டர்பேக்காக ஒளிர்ந்ததற்கும், சென்னையைச் சேர்ந்த மேசைப்பந்து வீரர் சரத் கமல் 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிகளில் 40 வயதில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றதற்கும் இந்த ஆற்றல் பெருந்துணையாக இருந்திருக்கும்.

விதியும் நியாயமும்

இருபதுகளின் நடுப்பகுதியில் இருப்பவருக்கு வயது இழப்பாக அமைவதில்லை, ஆதாயமாகவே அமைகிறது என்பதையும் கூற வேண்டும். காறையெலும்பின் உள்முனை இருபதுகளில்தான் முழுமையாக இணைகிறது; முன்மூளையின் முதிர்ச்சியும் அதே காலம்வரை நீள்கிறது. ஆகவே 18 வயது மாணவருக்கு எதிரே 24 வயது வீரர் நிற்கும்போது, சாதகமான உடல் மூத்தவருடையதே. இரண்டாண்டு மதத்தொண்டு முடித்துத் திரும்பும் மாணவர் பலரைக் கொண்ட யூட்டா மாநிலத்தின் பிரிகம் யங் பல்கலைக்கழக அணிகளைப் பற்றி அமெரிக்காவில் இந்த நியாயக் கேள்வி அடிக்கடி எழுவதுண்டு.

பிற இடங்களில் இக்கேள்விக்கு வயது வரம்பே விடையாக உள்ளது. உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகளில் முன்பு 28 ஆக இருந்த உச்ச வயது பின்னர் 25 ஆகக் குறைக்கப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளிலும் 25 வயதே வரம்பு. இளையோரின் வாய்ப்பைக் காக்கும் இவ்விதி பதக்கப் போட்டிகளுக்குப் பொருந்தும். பதக்கமோ வேலைவாய்ப்பு இடஒதுக்கீடோ சம்பந்தப்படாத கல்லூரி அளவிலான ஆட்டங்களிலும் அன்றாடப் பயிற்சியிலும் அதே வரம்பைக் காட்டி மூத்த மாணவரைத் திருப்பியனுப்புவதற்கு உடலியங்கியலில் எந்த ஆதாரமும் இல்லை.

பயிற்சியாளர் செய்ய வேண்டியவை

மூத்த மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் அணி முதலில் கவனிக்க வேண்டியது இதயம். விளையாட்டின்போது நேரும் திடீர் இதய மரணங்களுக்கு 35 வயதுக்குக் கீழ் பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்த குறைபாடுகள் காரணமாக இருக்க, 35-க்கு மேல் இதயத் தமனி அடைப்பே முதன்மைக் காரணமாகிறது; எனவே இளையோருக்குச் செய்யும் பரிசோதனையையே மூத்தவருக்கும் செய்து அனுப்பிவிடுவது போதாது. அடுத்து, ஓட்டத்தின் அளவையும் வேகத்தையும் வாரங்களைக் கொண்டன்றி மாதங்களைக் கொண்டு உயர்த்த வேண்டும். கடும் பயிற்சி நாள்களுக்கு இடையே இளையோரைவிடக் கூடுதல் ஓய்வு தர வேண்டும். மண்டியிட்டு, குதிகால்களை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை மெல்ல முன்னோக்கிச் சாய்க்கும் 'நார்டிக்' பயிற்சி தொடைப் பின்தசைக் காயங்களை ஏறத்தாழ பாதியாகக் குறைப்பதாகப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுவதால், அதைப் பயிற்சியின் நிலையான பகுதியாக்க வேண்டும். ஆட்டத்தில் எந்த இடத்தைத் தருவது என்பதையும் வேகத்தைவிட முன்னுணர்வும் துல்லியமும் பயன்படும் இடமாகப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

வயது பறிப்பது உச்ச வேகத்தையும் விரைந்து மீளும் இயல்பையும். மூச்சையும் வலிமையையும் பெருமளவில் பறிப்பது பயிற்சியற்றுக் கழிந்த ஆண்டுகள். முதலாவதற்கு ஏற்றபடி பயிற்சியை மாற்றியமைக்கலாம். இரண்டாவதைப் பயிற்சியாலேயே பெரிதும் மீட்கலாம். தாமதமாகக் கல்லூரிக்கு வந்தவர் பாடத்தை முதல் வகுப்பிலிருந்து கற்க உரிமை பெற்றிருப்பது போலவே, மைதானத்திலும் முதல் நாளிலிருந்து தொடங்க உரிமை பெற்றவர். கோப்பைக்கான அணியில் அவருக்கு இடம் தர விதி இடங்கொடுக்காவிட்டாலும், மாலைப் பயிற்சியில் அவருக்கு ஓர் இடத்தை ஒவ்வொரு கல்லூரியும் ஒதுக்க வேண்டும்.